பாட்டி மெத்தனாலில் ஊறவைக்கவில்லை

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. ஆய்வகத்தைத் திறக்கப் போனபோது வாசலில் என் ஆறாம் படிவ மாணவி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கையில் சிவப்புப் பிளாஸ்டிக் பை. உள்ளே வேரோடு பிடுங்கிய குப்பைமேனி, மண்கூட உதறப்படவில்லை.

"டீச்சர், புரோஜெக்டுக்கு இதை எடுத்துக்கலாமா? சிரங்குக்கு எங்க பாட்டி இதைத்தான் போடுவாங்க. பாக்டீரியாவைக் கொல்லுதான்னு பார்க்கணும்."

"பாட்டி எப்படிப் போடுவாங்க?"

"அரைச்சுப் போடுவாங்க."

"எதோட சேர்த்து? பச்சை இலையா, காஞ்சதா? எவ்வளவு நேரம் விடுவாங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இன்டர்நெட்ல மெத்தனால்ல மூணு நாள் ஊற வைக்கணும்னு போட்டிருக்கு டீச்சர்" என்றாள்.

எனக்கு நெஞ்சில் எதுவோ அடைத்தது. இருபத்து நான்கு வயதில் நானும் இதே இலையை இதே மாதிரிதான் மெத்தனாலில் ஊறவைத்தேன். அப்போது என் பாட்டி உயிரோடு இருந்தார். வீட்டிலிருந்து மோட்டாரில் போனால் பத்து நிமிடத் தூரம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நாங்கள் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். ஈப்போவுக்கு வடக்கே, கோலகங்சார் போகிற வழி. 1877இல் கோலகங்சாரில் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றைக்கும் அங்கே மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் மரமாக நிற்கிறது. அந்த மரத்தின் வழிவந்த காடுகளில்தான் எங்கள் மூன்று தலைமுறை வேலை செய்தது. பாட்டி முப்பது வருடத்துக்கு மேல் மரம் சீவினார். இருட்டில் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, நெற்றியில் விளக்கு, கையில் உளி, வெயில் ஏறியதும் மங்கு மங்காகப் பால் சேர்த்து இரண்டு வாளியில் சுமப்பது. கொசுவும் அட்டையும் கடித்த இடத்தைச் சொறிந்து சொறிந்து கால் முழுக்கப் புண்ணாக இருக்கும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் ஊதா மருந்து தடவி அனுப்புவார். அது கிடைக்காத நாளில் குப்பைமேனி.

பாட்டி அரைப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். லயத்துக்கு, அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வீட்டு வரிசைக்குப் பின்னால், மழைநீர்க் கால்வாய்க்கு மேலே உள்ள மேட்டில்தான் பறிப்பார். ஓரம் ரம்பப் பல்லாக இருக்கும் இலையையும், கதிரில் சின்னக் கிண்ணம் கிண்ணமாகப் பச்சைப் பூ இருப்பதையும் பார்த்துத்தான் கை வைப்பார். இலையை மட்டும் கிள்ளுவார். வேரைத் தூக்கிப் போட்டால் பூனைகள் ஓடிவந்து அதில் புரளும். மலாய்க்காரர்கள் இந்தச் செடியைப் பூனையின் பெயரிலேயே 'கூச்சிங் காலாக்' என்கிறார்கள். மூன்று தண்ணீரில் அலசுவார். அம்மியில் முதலில் கல்லுப்பு விழும். அது பொடிந்த பிறகு இலை, கடைசியாக விரலிமஞ்சள் ஒரு துண்டு. தண்ணீர் தெளிக்கவே மாட்டார், இலையின் ஈரமே போதும். விழுது பச்சையாக இருக்கும்போதே பூச வேண்டும், கறுத்துப்போனால் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதிதாக அரைப்பார். பூசியதும் திண்ணையில் உட்கார வைத்துவிடுவார். எரியும். அழுதால் "எரிஞ்சாத்தான்டி கேக்கும்" என்பார். காய்ந்ததும் வெந்நீரில் கழுவிவிடுவார்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், எல்லாம் குழந்தைக் கண்ணால் பார்த்தது. உப்பு எவ்வளவு, எத்தனை நாள், எந்தப் புண்ணில் போடவே கூடாது, பூ விட்ட செடியா விடாத செடியா என்று கேட்க எனக்குத் தோன்றிய நாளில் பாட்டி இல்லை.

சரி, ஆய்வகத்தில் நான் செய்ததைச் சொல்கிறேன்.

இலையை நிழலில் உலர்த்தி, 40 டிகிரி அடுப்பில் ஒரு இரவு வைத்து, மாவாக அரைத்தேன். 100 கிராம் மாவுக்கு ஒரு லிட்டர் மெத்தனால். மூன்று நாள் மூடிவைத்து, தினமும் குலுக்கி, வடிதாளில் வடித்தேன். மெத்தனாலில் இலை ஊறும்போது வரும் நிறத்தை மறக்க முடியாது, கண்ணாடிக் குடுவை முழுக்கக் கரும்பச்சை மை. அதைச் சுழல் ஆவியாக்கியில் மாட்டி, காற்றழுத்தத்தைக் குறைத்து, 40 டிகிரியிலேயே மெத்தனாலை விரட்டினால் அடியில் தார் போல ஒரு பசை மிஞ்சும். அதுதான் சாறு. கரண்டியில் ஒட்டினால் சுரண்டி எடுக்க அரை மணி நேரம் ஆகும். அதை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து, 6 மில்லிமீட்டர் காகித வட்டுகளில் ஏற்ற வேண்டும்.

பிறகு தட்டு. மியூல்லர்–ஹின்டன் அகார் என்ற வளர்ப்புக் கூழை 4 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஊற்றி உறையவிட்டு, பாக்டீரியாக் கரைசலின் கலங்கலை மெக்ஃபார்லண்டு 0.5 என்ற அளவுக்குக் கொண்டுவந்து, அதாவது ஒரு மில்லிலிட்டரில் ஏறக்குறைய 15 கோடி உயிரணுக்கள், பஞ்சுக் குச்சியால் தட்டு முழுக்க மூன்று திசையிலும் தடவி, வட்டுகளை வைத்து, ஒரு இரவு 35 டிகிரியில் விட வேண்டும். 1966இல் பாவரும் கிர்பியும் அவர்களுடைய சகாக்களும் ஒழுங்குபடுத்திய முறை இது. உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் இன்றும் செய்கிறார்கள். காலையில் தட்டைத் திறந்தால் பாக்டீரியா வளர்ந்த இடமெல்லாம் பால் ஆடை மாதிரி வெளுத்திருக்கும். மருந்து வேலை செய்திருந்தால் வட்டைச் சுற்றித் தெளிந்த ஒரு வளையம் இருக்கும்.

முதல் தட்டைத் திறந்தபோது குப்பைமேனி வட்டைச் சுற்றி வளையம் இருந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ், சிரங்கில் சீழ் பிடிக்க வைக்கிற அதே கிருமி. 11 மில்லிமீட்டர். அந்தச் சந்தோஷத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அப்புறம்தான் அதே தட்டின் ஓரத்தில் இருந்த வெறும் மெத்தனால் வட்டைப் பார்த்தேன். சாறே இல்லாத வட்டு. அதைச் சுற்றியும் 10 மில்லிமீட்டர் வளையம்! அந்த முதல் தொகுதிக்குப் பசையை அவசரத்தில் மெத்தனாலிலேயே கரைத்திருந்தேன். வட்டுகள் முழுக்க உலரவில்லை. பாக்டீரியாவைக் கொன்றது பெரும்பாலும் மெத்தனால்தான், என் இலை இல்லை.

அந்த ஒரு வெறும் வட்டை நான் வைக்காமல் இருந்திருந்தால், "பாட்டி சொன்னது அறிவியல் பூர்வமாக நிரூபணம்" என்று எழுதியிருப்பேன். நம்பியும் இருப்பேன். அதனால்தான் என் மாணவர்கள் எந்தச் சோதனைக்குப் போனாலும் முதலில் கேட்பேன், "வெறும் வட்டு எங்கே?" என்று.

வட்டுகளை நன்றாக உலர்த்தி மறுபடி செய்தபோது ஸ்டாஃபில் மேல் 8 மில்லிமீட்டர் வந்தது. வட்டே 6 என்பதால் ஒரு மெல்லிய விளிம்புதான். ஈகோலை மேல் ஒன்றும் இல்லை. இதில் ஆச்சரியம் கிடையாது. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் கண்டுபிடித்த சாயத்தை ஏற்காத, ஈகோலை போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது. செடியின் பெரும்பாலான பொருள்கள் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது, போனாலும் உள்ளிருக்கும் பம்புகள் இறைத்து வெளியே தள்ளிவிடும். அதனால் கிராம் பாசிட்டிவ் மேல் கொஞ்சம், நெகட்டிவ் மேல் சுழியம் என்பது தாவரச் சாறுகளில் திரும்பத் திரும்ப வரும் கதை.

அந்த 8 மில்லிமீட்டரை வைத்து ஒரு வரி எழுதுவதற்குள் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் வைத்த ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் வட்டுக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் வளையம். "ஆக எங்கள் சாறு ஜென்டாமைசினில் பாதிக்குக் கொஞ்சம் கம்மி" என்று யாராவது சொன்னால் பெரிய தப்பு. ஜென்டாமைசின் வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். என் வட்டில் இருந்தது 2 மில்லிகிராம், அதாவது 200 மடங்கு. அதற்கு மேல் இன்னொன்று. வளையத்தின் அகலம் மருந்தின் வலுவை மட்டும் காட்டுவதில்லை, அந்தப் பொருள் அகாருக்குள் எவ்வளவு தூரம் நடந்துபோகும் என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. அகார் பெரும்பாலும் தண்ணீர். மஞ்சளில் இருக்கும் குர்குமின் தண்ணீரில் கரையவே கரையாது, வட்டிலேயே உட்கார்ந்துவிடும். வளையம் வராததால் அது சும்மா என்று சொல்ல முடியுமா? இலையில் நிறைய டானின் இருந்தால் அது எதிர்ப்பக்கத்தில் ஏமாற்றும். டானின் கண்ட புரதத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு கட்டியாக்கும், தட்டில் மருந்து மாதிரி வேலை காட்டும்.

அதனால் வளையத்தோடு நிற்கக் கூடாது. 96 குழித் தட்டில் சாற்றைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்த அளவு வரைக்கும் கிருமி வளராமல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எம்ஐசி என்பது அதுதான். குழியில் ரெசாசுரின் சொட்டினால் உயிருள்ள கிருமி அந்த நீலத்தை ரோஜா நிறமாக்கும், வளர்ச்சி நின்ற குழி நீலமாகவே நிற்கும். பார்க்க அவ்வளவு அழகு. சாற்றிலேயே நிறம் மாற்றும் பொருள் இருந்தால் கிருமி இல்லாத குழியும் ரோஜாவாகிவிடும் என்பதால் அதற்கும் ஒரு வெறும் வரிசை வைத்தாக வேண்டும். கச்சாச் சாற்றுக்கு ஒரு மில்லிலிட்டரில் 100 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து கவனிப்பார்கள். 1000க்கு மேல் போனால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். என் குப்பைமேனி 1000இலும் கிருமியை நிறுத்தவில்லை.

நான் அதை எழுதி ஒப்படைத்தேன். "செயல்திறன் குறைவு." இரண்டு சொல். பட்டம் கிடைத்தது. பாட்டியிடம் போய்ச் சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "காய வச்சியா?" நான் ஆமாம் என்றேன். "காஞ்ச குப்பைமேனில என்ன இருக்கும்?" என்று சொல்லிவிட்டு எனக்குக் கோப்பி கலக்கப் போய்விட்டார். நான் அதைப் பாட்டியின் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

பல வருடம் கழித்துத்தான் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்று புரிந்தது. சீனத்து விஞ்ஞானி தூ யூயூ மலேரியாவுக்குக் கிங்ஹாவ் செடியைச் சோதித்தபோது அவருடைய சாறும் ஒரு தடவை வேலை செய்யும், மறு தடவை செய்யாது. 1971இல் நான்காம் நூற்றாண்டு மருத்துவர் கோ ஹோங் எழுதிய குறிப்பைத் திரும்பப் படித்தார். ஒரு கைப்பிடிச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, சாற்றைக் குடி என்று இருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குப் பட்டது. 35 டிகிரியிலேயே கொதித்துவிடும் ஈதரை வைத்துக் குளிர்ச்சியாகச் சாறு எடுத்தார். 191ஆவது மாதிரி. அதிலிருந்துதான் ஆர்டிமிசினின் வந்தது. 2015இல் நோபல் பரிசு. நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் அவரும் சக ஆய்வாளர்களும் தாங்களே அந்தச் சாற்றைக் குடித்துப் பார்த்தார்கள். பழைய செய்முறையில் இருந்த ஒரு வினைச்சொல்லைக் கவனித்ததால் திறந்த கதவு அது. ஊறவை, பிழி. என் பாட்டியும் சொன்னார், காய வைக்காதே என்று.

நான் என்ன சோதித்தேன் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். காய்ந்த இலை, பச்சை இலை இல்லை. உப்பு இல்லை, மஞ்சள் இல்லை. அம்மியில் இலை நசுங்கும்போது அதன் நொதிகள் வெளியே வந்து வேறு பொருள்களை உண்டாக்கும், அதுவும் என் குடுவையில் நடக்கவில்லை. பாட்டி ஒரு நாளும் மெத்தனால் ஊற்றியதில்லை. ஆக என் தட்டு பாட்டியின் மருந்தைப் பற்றி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வேறொரு பொருளைப் பற்றிப் பேசியது. அடியில் நான் பாட்டியின் பெயரைப் போட்டுவிட்டேன்.

கலவைக்குள் ஒரு நியாயம் இருக்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. பெர்பெரின் என்ற மஞ்சள் நிறப் பொருளைத் தனியாகக் கொடுத்தால் ஸ்டாஃபில் அதைப் பம்பு வைத்து இறைத்துவிடும். பெர்பெரின் உள்ள சில செடிகள் அந்தப் பம்பையே அடைக்கும் இன்னொரு பொருளையும் கூடவே வைத்திருக்கின்றன என்று 2000இல் காட்டினார்கள். அந்த இரண்டாவது பொருளைத் தனியே வட்டில் வைத்தால் வளையமே வராது. பாட்டியின் கலவையில் இப்படி ஏதாவது இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. கலவையைக் கலவையாகவும், ஒவ்வொன்றைத் தனித்தனியாகவும், இரண்டையும்தான் பார்க்க வேண்டும். உப்பை மட்டும் வைத்தும் பார்க்க வேண்டும். ஸ்டாஃபில் உப்புக்கு அசையாத கிருமி. அதைப் பிரித்தெடுக்க 7.5 சதவீத உப்பு கலந்த அகாரையே பயன்படுத்துகிறார்கள்.

ஒரு பழக்கம் வேலை செய்கிறதா என்று ஒழுங்காகக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே, நம் ஆட்களை வைத்தே ஒரு கதை இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் மலாயாவில் பெரிபெரி நோய் கொத்துக் கொத்தாக ஆட்களைக் கொன்றது. நெகிரி செம்பிலானில் இருந்த பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். தீட்டிய வெள்ளையரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் வருகிறது, தமிழர்களுக்கு அவ்வளவாக வருவதில்லை. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. 1905இல் பிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் நோயாளிகளை ஒருவர் விட்டு ஒருவராகப் பிரித்து, பாதிப் பேருக்கு வெள்ளையரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி கொடுத்தார். இடத்தால் வரும் நோயோ என்று, இரு கூட்டத்தையும் கட்டடம் மாற்றியும் பார்த்தார். நோய் வெள்ளையரிசிக்காரர்களைத்தான் பிடித்தது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின், அதாவது வைட்டமின் பி1, அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னால் தெரிந்த காரணம். அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை, அப்படி ஒரு சோதனையை இன்று செய்யக் கூடாது. அதில் செத்தவர்களை நினைக்காமல் இந்தக் கதையைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. எங்கள் பாட்டிமார் சாப்பிட்ட அரிசியை, அவர்கள் சாப்பிட்டபடியே வைத்துக் கேட்டார்கள்.

ஆக்ஸிஜனேற்ற எதிர்ப்புச் சோதனை, ஆன்டிஆக்ஸிடன்ட் என்று எல்லாரும் சொல்வது, அதைப் பற்றி எனக்கு வருத்தம் அதிகம். சோதனை எளிது. டிபிபிஎச் என்ற பொருளை மெத்தனாலில் கரைத்தால் கத்தரிப்பூ நிறம். அதில் இலைச்சாற்றை விட்டு, முப்பது நிமிடம் இருட்டில் வைத்தால், சாற்றுக்கு வலு இருந்தால் வெளிர்மஞ்சளாக வெளுத்துவிடும். 517 நானோமீட்டரில் ஒளியை அளந்து, பாதி நிறம் போக எவ்வளவு சாறு தேவை என்று கணக்குப் போட வேண்டும். வைட்டமின் சியை ஒப்பீட்டுக்கு வைப்போம். குப்பைமேனி, வல்லாரை, முருங்கை, எதைப் போட்டாலும் நிறம் மாறும். தேயிலை போட்டால் அடித்துப்போட்ட மாதிரி மாறும். பச்சை இலை எல்லாவற்றிலும் பீனால் வகைப் பொருள்கள் உண்டு, அவற்றின் இயல்பு அது. முதல் தடவை பார்க்கும் மாணவர்கள் கைதட்டுவார்கள், நானும் தடுக்க மாட்டேன்.

கஷ்டம் அங்கிருந்து வெளியே போகும்போதுதான். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் போய்ப் பாருங்கள், பாட்டில் பாட்டிலாக இலைச்சாறு, மேலே ஆன்டிஆக்ஸிடன்ட் என்று பெரிய எழுத்து, கீழே இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, புற்றுநோய் என்று வரிசை. சோதனைக் குழாயில் நிறம் வெளுத்ததற்கும் உடம்புக்குள் நடப்பதற்கும் நடுவே வயிறு இருக்கிறது, குடல் இருக்கிறது, ஈரல் இருக்கிறது. அமெரிக்க விவசாயத் துறை உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் எண்களை ஒரு பட்டியலாக வைத்திருந்தது. அந்த எண்களை வைத்து வியாபாரம் நடக்கிறது, உடம்பில் பலன் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று 2012இல் அவர்களே எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பே பின்லாந்தில், புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்து, 1994இல் முடிவு வந்தது. நல்லது செய்யும் என்று நம்பிப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. பாட்டில் வாங்கும் நம் அக்கா, அத்தைமார் நாள் கூலிக்காரர்கள். அந்தப் பணம் அவர்களுடைய வியர்வை. மலேசியாவில் பதிவு செய்த பாரம்பரிய மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி 'டி' என்று முடியும் எண் இருக்கும். அது பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்த அடையாளம், நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று கிடையாது. அந்த எண்கூட இல்லாததை வாய்க்குள் ஊற்றாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எந்த இடத்து இலை என்பதையும் யாரும் எழுதுவதில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தார். முதுகில் மருந்துத் தோம்பு, முகத்தில் ஒரு துணி. பாட்டி மருந்து அரைப்பார், அம்மா மருந்தடிப்பார், வீட்டில் இரண்டுக்கும் ஒரே சொல். அம்மா வேலை முடிந்து வந்தால் நாங்கள் தொடக்கூடாது, குளித்துவிட்டு வந்துதான் தூக்குவார். அப்போது அடித்தவற்றில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியும் உண்டு. 2020இல்தான் மலேசியாவில் அதை முழுக்கத் தடை செய்தார்கள். குப்பைமேனி எங்கே முளைக்கும்? சாலையோரம், செம்பனை வரிசை ஓரம், குப்பைமேடு, அதாவது மருந்தடிக்கும் இடமெல்லாம். பாட்டி லயத்துக்குப் பின்னால் உள்ள மேட்டைத் தவிர வேறெங்கும் பறிக்காததன் காரணத்தை அம்மா போன வருடம்தான் எனக்குச் சொன்னார். "அங்க மட்டும் அடிக்க வேணாம்னு நான் மண்டோர்கிட்ட கேட்டு வச்சிருந்தேன்." இந்தத் தகவல் என் ஆய்வேட்டில் இல்லை. நான் இலை பறித்தது பல்கலைக்கழகத்துக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்தில்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் தூக்கம் வராது. சளி கட்டிய குழந்தைக்குக் குப்பைமேனிச் சாற்றைச் சங்கில் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் உண்டு. பூசுவது வேறு, குடிப்பது வேறு. என் தம்பி மகன் பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் சோதித்து ஜி6பிடி என்ற நொதியின் குறைபாடு என்று சொன்னார்கள். இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு வழக்கமாகப் பார்ப்பதுதான். நாப்தலின் உருண்டை வைத்த துணி ஆகாது, சில மருந்துகள் ஆகாது என்று ஒரு அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையில் குப்பைமேனி இல்லை. ஆனால் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனியைச் சாப்பிட்டு, சிவப்பணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்து ஆஸ்பத்திரிக்குப் போனதை இலங்கை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தம்பியை உட்கார வைத்துச் சொன்னேன். அம்மாவையும் உட்கார வைத்துச் சொன்னேன். அம்மாவுக்கு முதலில் கோபம். "நாங்கள்லாம் குடிச்சு வளரலையா?" என்றார். வளர்ந்தோம், உண்மைதான். எங்களில் யாருக்கு அந்தக் குறைபாடு இருந்தது, லயத்தில் சளியோடு செத்துப்போன குழந்தைகளில் யாருக்கு இருந்தது என்று யாரும் பார்த்ததில்லை. இரவு அம்மா தானாகவே போன் போட்டு, அட்டையின் பின்பக்கம் அந்தப் பெயரையும் எழுதி ஒட்டச் சொல்லிவிட்டார்.

என் மாணவியின் புரோஜெக்டுக்கு வருகிறேன். பள்ளி ஆய்வகத்தில் ஸ்டாஃபில் ஆரியஸை வளர்க்கக் கூடாது, ஆபத்து. தீங்கில்லாத பாசில்லஸ் சப்டிலிஸ் போதும் என்று முடிவு செய்தோம். அதற்கு முன்னால் ஒரு வேலை சொன்னேன். சனிக்கிழமை அவளையும் சமையல் தராசையும் நோட்டுப்புத்தகத்தையும் காரில் ஏற்றிக்கொண்டு அவள் பாட்டி வீட்டுக்குப் போனேன்.

எண்பதைத் தாண்டிய அம்மா. "வாங்க டீச்சரம்மா, உக்காருங்க" என்று பாயைத் தட்டிப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் கூச்சப்பட்டார். "அதெல்லாம் ஒரு மருந்தா?" அப்புறம் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போனார். நாங்கள் பின்னாலேயே போனோம். வேலியோரம் தழைத்திருந்த செடியைத் தாண்டிப் போனார். ஏன் என்று பேத்தி கேட்டாள். "அங்க நகராட்சிக்காரன் மருந்தடிக்கிறான்." அவள் எழுதிக்கொண்டாள்.

இலையைக் கைப்பிடியாகப் பறித்து நீட்டினார். தராசில் வைத்தோம், 11 கிராம். "இன்னொரு தடவை பறிங்க பாட்டி" என்றேன். 12. மூன்றாவது தடவை மறுபடி 11. நான் ஆய்வகத்தில் கரண்டியால் அள்ளியதைவிட அந்தக் கை நிதானமாக இருந்தது. உப்பை மூன்று விரலில் அள்ளினார், அதையும் நிறுத்தோம். மஞ்சள் ஒரு கணு. இவர் என் பாட்டி மாதிரி உப்பை முதலில் போடவில்லை. இலை பாதி மசிந்த பிறகுதான் போட்டார். அதையும் எழுதச் சொன்னேன். அரைத்த நேரம், விழுது கறுக்க ஆரம்பித்த நேரம், நீர் வடியும் புண்ணுக்குப் போடலாம், ஆழமான வெட்டுக்கு ஆகாது என்றது, எல்லாம் நோட்டில் ஏறியது.

கிளம்பும்போது பாட்டி பேத்தியின் நோட்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"கல்லுப்புன்னு எழுதினியா, வெறும் உப்புன்னு எழுதினியா?"

அவள் குனிந்து பார்த்தாள். வெறும் உப்பு என்றுதான் இருந்தது. பேனாவை எடுத்துத் திருத்தினாள்.